போற்றி பாடினால் பொலிஸ் கூப்பிடுமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு றொக் இசைக்குழு வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் இருபதுக்கும் இருபத்து மூன்றுக்கும் இடையில்தான் வயது. மூன்று கிழமைக்கு முன் நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில் பாடினோம். எங்கள் பகுதி அரசியல்வாதி ஒருவர் போகிற இடமெல்லாம் அடிக்கல் நாட்டுவார், ஆனால் கட்டடம் எழும்பாது. கோயிலில் அர்ச்சனையின்போது சொல்கிற போற்றி மாதிரி அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தோம். பாடகர் வேட்டி சால்வையுடன், கையில் மேசன் கரண்டியோடு மேடைக்கு வந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிப் பாட்டில் ஏற்பாட்டாளர் ஒருவர் சவுண்டை நிறுத்திவிட்டார். இப்போது சைவ சமயத்தை அவமதித்தோம் என்று பொலிஸில் முறைப்பாடு. விசாரணைக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் பாட இருந்த இடத்துக்காரரும் வேண்டாம் என்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒருவர் தூது வந்திருக்கிறார். அப்பாவுக்கு அரச உத்தியோகம். இடமாற்றம் வந்துவிடும் என்று அம்மா அழுகிறா. வெளிநாட்டில் ஜனாதிபதியையே மேடையில் வைத்துக் கிழிக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லையா? பாட்டின் வரிகளை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்:

தம்பி, அவசரமானதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். உங்களைப் போல இன்னும் சில பிள்ளைகள் வேறு வேறு மேடைகளில் இதே சிக்கலில் நிற்பார்கள் என்பதால் மிச்சத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாட்டை நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையில் வைத்து வாசித்தேன். 'அடிக்கல் நாயகனே போற்றி, அடுத்த கல் எங்கே போற்றி' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர் என்னவென்று கேட்டு வாங்கிப் பார்த்தார். அவரும் சிரித்தார். யாரைப் பற்றிய பாட்டு என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் அரசியல்வாதியைப் பகிடி பண்ணுவது குற்றம் இல்லை. ஒரு காலத்தில் அவதூறு சொன்னவரைக் குற்றவாளியாக நிறுத்தலாம். தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அந்த அத்தியாயத்தை 2002 இல் பாராளுமன்றம் எடுத்துவிட்டது. இன்று மானம் போய்விட்டது என்று நினைக்கிற அரசியல்வாதி தன் சொந்தக் காசில், மாவட்ட நீதிமன்றத்தில், நட்டஈட்டு வழக்குத்தான் போடலாம். பொலிஸுக்கு அதில் வேலை இல்லை.

இப்போது உங்கள் மேல் வந்த முறைப்பாட்டைத் திரும்பப் பாருங்கள். 'அவரைக் கேலி செய்தார்கள்' என்று அதில் இல்லை. 'சமயத்தை அவமதித்தார்கள்' என்றுதான் இருக்கிறது. கோபம் என்னவோ அடிக்கல்லைப் பற்றியதுதான். ஆனால் அடிக்கல்லுக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை, சமயத்துக்கு இருக்கிறது. ஆகவே அந்தக் கோபம் விபூதி பூசிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறது. என் அனுபவத்தில் இது புதிய வேஷம் இல்லை.

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளியீட்டுச் சுதந்திரத்தையும் தருகிறது. இது எல்லாரும் சொல்கிற வாசகம். உங்கள் ட்றம்ஸ் அடிக்கிற தம்பி தெரிந்து வைத்திருக்கவேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. 1992 ஜூலையில் எதிர்க்கட்சிகள் 'ஜன கோஷா' என்று ஒரு போராட்டம் நடத்தின. குறித்த நேரத்தில் மேளம் அடி, மணி அடி, வாகன ஹோர்ன் அடி, மொத்தத்தில் சத்தம் போடு, அவ்வளவுதான். ஓரிடத்தில் பொலிஸ் புகுந்து மேளத்தை நிறுத்தியது. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அமரதுங்க எதிர் சிறிமல் என்ற அந்த வழக்கில் 1993 இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பு எழுதினார். வார்த்தையே இல்லாத வெறும் சத்தமும் கருத்து வெளியீடுதான் என்றார். சொல்லப்படும் கருத்து சனத்துக்குப் பிடிக்காததாக, அருவருப்பானதாக, பிழையானதாகக்கூட இருக்கலாம், வன்முறைக்கோ வேறு சட்டவிரோதச் செயலுக்கோ தூண்டாத வரை அதற்கும் பாதுகாப்பு உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். வெறும் மேளச் சத்தத்துக்கே பாதுகாப்பு இருக்கிறது என்றால் உங்கள் பாட்டுக்கு வரிகளும் இருக்கின்றன. (சில றொக் பாட்டுகளில் வரி எது, சத்தம் எது என்று எனக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை என்பது வேறு கதை.)

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு வேலியும் உண்டு. 15 ஆவது உறுப்புரை இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று பல காரணங்களுக்காகச் சட்டம் மூலம் கட்டுப்பாடு விதிக்க இடம் வைத்திருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை இரண்டு இடங்களைக் கவனிக்கவேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகள் ஒருவரின் மத உணர்வைப் புண்படுத்தவேண்டும் என்ற திட்டமிட்ட எண்ணத்தோடு செய்கிற காரியங்களைக் குற்றமாக்குகின்றன. எண்ணம் என்பதுதான் அங்கே உயிர்நாடி. யாரோ ஒருவர் புண்பட்டார் என்பது மட்டும் போதாது.

மற்றது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். எல்லாரும் ஐசிசிபிஆர் சட்டம் என்பார்கள். சிவில், அரசியல் உரிமைகளைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டம், ஆனால் அதன் 3 ஆம் பிரிவைப் பொலிஸ் எடுக்கிறபோது உரிமையைக் கேட்டவன்தான் உள்ளே போகிறான். பாகுபாட்டையோ பகையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்பினால் பத்து வருடம் வரை சிறை. நீதவான் பிணை தர முடியாது. மேல் நீதிமன்றம்தான் தரலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். நட்டாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞரை 2023 மே மாதம் கட்டுநாயக்காவில் வைத்துப் பிடித்தார்கள். மேடையில் சொன்ன பகிடி பௌத்தத்தை அவமதித்தது என்பது குற்றச்சாட்டு. ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தபோது, அந்தப் பேச்சு இந்தச் சட்டத்தின் குற்றத்துக்குள் வரவில்லை என்ற கருத்தையும் சேர்த்தே சொன்னது. அதற்கு முன் 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் கைதானார். ஏறத்தாழ நாலு மாதம் விளக்கமறியல். 2021 இல் அந்த வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் பக்கம் சொல்லிவிட்டது.

இரண்டு பேரும் கடைசியில் வெளியே வந்தார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு மேல், மற்றவருக்கு நாலு மாதம், உள்ளே கழிந்த நாளுக்கு யார் கணக்குச் சொல்வது? ஆகவே 'சட்டம் என் பக்கம்' என்ற தைரியத்தில் பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகவேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

போகும்போது சட்டத்தரணியோடு போங்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012 இல் வர்த்தமானியில் விதிகளே வந்திருக்கின்றன. ஆகவே 'லோயர் வெளியில் நிற்கட்டும்' என்று சொன்னால் அதைக் கேட்டுத் தலையாட்டத் தேவையில்லை. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளைக்குப் போங்கள். தொலைபேசியில் கூப்பிட்டவரின் பெயர், பதவி, முறைப்பாட்டு இலக்கம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வையுங்கள். வாக்குமூலம் தமிழில் எடுக்கச் சொல்லுங்கள். அது நீங்கள் கேட்கிற சலுகை இல்லை, வடக்கில் நிர்வாக மொழி தமிழ். எழுதியதை வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்தி, அதன் பிறகு கையெழுத்து. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் முன்னால் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வீடியோவை அழிக்கவேண்டாம். அழித்தால் ஒளிக்கிறீர்கள் என்றுதான் தோன்றும். அதோடு சனம் எந்த இடத்தில் எதற்காகச் சிரித்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்று. பாட்டு வரிகளைத் தட்டச்சுச் செய்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே அது எந்தச் சம்பவத்தைக் குறிக்கிறது என்று எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் செய்து எடுத்துப்போங்கள். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். மன்னார் சிலாவத்துறைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் பிடித்தது ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக. பயங்கரவாதத் தடைச் சட்டம். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். குற்றமற்றவர் என்று புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். தமிழில் எழுதிய கவிதை, தமிழ் தெரியாத மேசைகளில் வேறு கவிதையாகிவிட்டது. கவிதைக்கே அந்தக் கதி. பகிடி அதைவிட மோசமாகத்தான் மொழிபெயரும். 'போற்றி' என்ற சொல்லைச் சிங்களத்தில் 'வணக்கம்' என்று ஒருவர் எழுதிவிட்டால் உங்கள் பாட்டில் மிச்சம் என்ன இருக்கும்?

போற்றி வடிவத்தை எடுத்தது சமய அவமதிப்பா என்பது அடுத்த கேள்வி. நானும் சைவன்தான், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை, ஆகவே கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். பாட்டில் எந்தக் கடவுளின் பெயரும் இல்லை. எந்த மந்திரமும் திரிக்கப்படவில்லை. ஒரு மனிதர் தன்னைச் சாமியாக நினைத்துக்கொண்டு மாலைக்கும் நாதஸ்வரத்துக்கும் திரிகிறார், சரி, சாமி என்றால் போற்றியும் வாங்கிக்கொள்ளும் என்று பாடியிருக்கிறீர்கள். இது எங்கள் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பாடம். அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்து, என்ன பளபளப்பாக மயில்பீலி சூட்டி வைத்திருக்கிறாய், எங்கள் அரசனின் வேல் சண்டையில் முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கிறது என்று 'புகழ்ந்தார்'. அரசனின் வீட்டுக்குள்ளேயே நின்று. சுந்தரர் இன்னும் ஒருபடி மேலே போனார். கண் போன கோபத்தில் திருவாரூர்ப் பெருமானைப் பார்த்தே, நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று பாடினார். அதை இன்றும் கோயிலில் பண்ணோடு ஓதுகிறோம். சிவபெருமான் முறைப்பாடு செய்யவில்லை.

திருவிழா வில்லுப்பாட்டில் தலைவரையும் தர்மகர்த்தாவையும் சேர்த்து நக்கல் அடிக்காத இரவு என் சின்ன வயதில் இருந்ததில்லை. கோயில் வீதியில், சாமி பார்த்திருக்க. அதே நக்கல் கிற்றாரோடு வரும்போதுதான் சிலருக்குச் சமயம் ஞாபகம் வருகிறது. வாக்குமூலத்தில் இதையெல்லாம் நீட்டி முழக்கவேண்டாம், 'எங்கள் இலக்கு அந்தப் பொதுப் பதவியில் இருப்பவரின் நடவடிக்கை, வழிபாடு அல்ல' என்ற ஒரு வசனம் போதும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. உங்கள் பாட்டில் பன்னிரண்டு போற்றி இருக்கிறது. ஒன்பதில் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. எத்தனை கல், எந்தச் சந்தியில், எந்த வருடம் என்று பெயர்ப்பலகையோடு நிற்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். சிவில் அவதூறு வழக்கில் உண்மை என்பதோடு அது பொதுநன்மைக்கு என்பதையும் காட்டவேண்டும். பொதுக் காசில் நட்ட கல்லைப் பற்றிக் கேட்பது பொதுநன்மை இல்லையென்றால் வேறு எது? நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதமும் உங்களுக்கு உண்டு.

நாலாவது போற்றி அப்படி இல்லை. ஒப்பந்தகாரரிடம் நூற்றுக்கு இத்தனை கொமிஷன் வாங்கினார் என்று இலக்கத்தோடு சொல்கிறீர்கள். இது பகிடி இல்லை, குற்றச்சாட்டு. மெட்டுப் போட்டுப் பாடியதால் குற்றச்சாட்டு பகிடியாகிவிடாது. தாள் இருக்கிறதா? இருந்தால் பாட்டில் போடுவதைவிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். ஊரில் எல்லாரும் கதைக்கிறார்கள் என்பதுதான் ஆதாரம் என்றால் எடுத்துவிடுங்கள். அவர் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அந்த இரண்டு வருடமும் உங்கள் தலைக்கு மேல் அந்த ஒரு வரி தொங்கும். 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மறக்கவேண்டாம், உங்கள் வீடியோ இணையத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் ஏமாற்றும் நோக்கோடு சொல்கிற பொய்க் கூற்றைத்தான் பிடிக்கிறது, நல்லெண்ணத்தோடு சொல்கிற அபிப்பிராயம் அதில் அடங்காது. ஆனால் இலக்கத்தோடு சொன்ன கொமிஷனை அபிப்பிராயம் என்று வாதாட என்னாலும் முடியாது.

ஏழாவது போற்றியை நான் இங்கே அச்சிடமாட்டேன். அவருடைய தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்பதை ஒரு சொல்லில் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு சொல் என்ன சொல்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அன்று சிரித்த சனத்துக்கும் தெரியும். வீடியோவில் அந்த இடத்துச் சிரிப்பைத் திரும்பக் கேளுங்கள். அடிக்கல்லுக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது. கட்டடம் கட்டாதது அவர் செய்த வேலை. தகப்பனின் தொழில் அவர் செய்ததில்லை. உங்கள் மண்டபத்தில் அதே தொழில் செய்த வீட்டுப் பிள்ளைகளும் ரிக்கெற் வாங்கி இருந்திருப்பார்கள். பொலிஸ் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாது. நான் கேட்கிறேன். பன்னிரண்டாவது போற்றியில் அவருடைய தொந்தியைப் பற்றி இருக்கிறது, அது சுவையே இல்லை, அவ்வளவுதான்.

சவுண்டை நிறுத்திய விஷயம். தனியார் ஏற்பாட்டாளர் ஒருவர் மைக்கை நிறுத்தினால் அது அடிப்படை உரிமை மீறல் ஆகாது. அரசாங்கத்தின் நிறைவேற்று அல்லது நிர்வாக நடவடிக்கைக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவரோடு உங்களுக்கு இருப்பது ஒப்பந்தம். பேசிய காசைத் தராவிட்டால் அதைக் கேளுங்கள். ஆனால் ஏன் நிறுத்தினார் என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பொலிஸ் சொல்லி நிறுத்தியிருந்தால் கதை மாறும். அடுத்த மாத மண்டபம் மாநகர சபையின் மண்டபமாகவோ வேறு அரச கட்டடமாகவோ இருந்து, பாட்டின் கருத்துக்காக மறுத்திருந்தால் அப்போதும் மாறும். தொலைபேசியில் சொன்ன மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதிப்பேர் 'மண்டபத்தில் திருத்த வேலை' என்பார்கள். அதையும் வாங்கி வையுங்கள்.

இதற்கு ஒரு மாதம்தான் தவணை. 126 ஆவது உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு இருக்கவேண்டும். உங்களுக்கு மூன்று கிழமை போய்விட்டது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், உண்மையிலேயே விசாரணை நடக்கிறது என்று காட்டக் கடிதம் ஒன்றும் எடுங்கள். துண்டோடு மட்டும் போய்த் தவணை தவறியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாக் கட்டுப்பாடும் வாய்க்குப் பூட்டு என்று நினைக்கவும் வேண்டாம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அனுமதி கொடுக்கவேண்டாம் என்று 2007 இல் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது, விசேட சமய நிகழ்ச்சிகளுக்குச் சில விலக்குகளோடு. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்த இரவில் தடுப்புகளை உடைத்துக்கொண்டு சனம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சனக்கூட்டம், வாசல், நேரம், சத்தம் பற்றிக் கேள்வி கேட்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லுங்கள். பாட்டின் மூன்றாவது வரி என்ன என்று அனுமதிப் படிவத்தோடு கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று மரியாதையாக, எழுத்தில், திருப்பிக் கேளுங்கள்.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே எல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைக்கவேண்டாம். ரஷ்யாவில் புஸ்ஸி றயட் என்ற பங்க் குழுப் பெண்கள் 2012 பெப்ரவரியில் மொஸ்கோவின் பெரிய தேவாலயத்துக்குள் போய், புட்டினை விரட்டும்படி மாதாவை வேண்டி ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு புட்டினைப் பற்றியது. குற்றச்சாட்டோ மத வெறுப்பினால் செய்த காடைத்தனம். மூன்று பேருக்கு இரண்டு வருடத் தண்டனை, பிறகு ஒருவருடையது ஒத்திவைக்கப்பட்டது. 2018 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ரஷ்யா அவர்களின் கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்றது. உங்கள் முறைப்பாட்டுக்காரர் இதையெல்லாம் படித்திருக்கமாட்டார், ஆனால் பாதை அதேதான்.

அமெரிக்காவில் டிக்ஸி சிக்ஸ் குழுவை யாரும் கைது செய்யவில்லை. 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சில நாள் முன், லண்டன் மேடையில் அவர்களின் பாடகி, எங்கள் ஜனாதிபதி எங்கள் ரெக்ஸாஸ் மாநிலத்துக்காரர் என்பது வெட்கமாக இருக்கிறது என்று சொன்னார். வானொலிகள் அவர்களின் பாட்டை நிறுத்தின, சனம் குறுந்தட்டுகளை உடைத்தது. சட்டம் இதில் எங்கும் வரவில்லை, ஆனாலும் பிழைப்பில் அடி விழுந்தது. உங்கள் அடுத்த மாத மண்டபக்காரர் இந்த ரகம். அவருக்கு உங்களில் கோபம் இல்லை, வியாபாரத்தில் பயம்.

எனக்கு மிகவும் பயன்படுவது 2023 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் நடந்தது. பிங்க் ஃபுளொயிட் றொக் குழுவில் முன்பு இருந்த ரோஜர் வோட்டர்ஸின் நிகழ்ச்சி யூத வெறுப்புக் கொண்டது என்ற குற்றச்சாட்டின் பேரில், மண்டபத்தில் உரிமை கொண்ட நகர சபையும் மாநில அரசும் அதை நிறுத்தப் பார்த்தன. நிர்வாக நீதிமன்றம் நடத்த விடச் சொன்னது. நிகழ்ச்சியின் சில பகுதிகள் ரசனைக்குறைவானவை என்று நீதிமன்றத்துக்கும் பட்டது, ஆனால் கலைச் சுதந்திரம் அங்கே நின்றது. அவருடைய அரசியல் எல்லாவற்றுக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பொது மண்டபத்தின் திறப்பை வைத்திருப்பவருக்குப் பாட்டு பிடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்ற அந்தப் புள்ளி மட்டும் எனக்கு வேண்டும்.

உங்கள் அம்மா அழுவதை மட்டும் நான் லேசாக எடுக்கமாட்டேன். அவவுக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். 1991 இல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டுபோனது அவவுக்குத் தெரியும். செல்வி திரும்பி வரவில்லை. 2010 ஜனவரியில் கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனதும் தெரியும். இந்த மண்ணில் வாயைத் திறந்தவனுக்கு அடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததில்லை. சட்டப் பிரிவு சொல்லி அவவைத் தேற்ற முடியாது. சட்டத்தரணியோடு பொலிஸ் நிலையம் போய் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள், அதுதான் மருந்து. போகும்போது யாரோடு போகிறீர்கள், எந்த நிலையம், எத்தனை மணி என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அப்பாவைப் பொறுத்தவரை, தாபனக் கோவை அரச உத்தியோகத்தரின் வாயைத்தான் கட்டுகிறது, மகனின் கிற்றாரை அல்ல. காரணமில்லாமல் இடமாற்றம் வந்தால் அதற்கு மேன்முறையீடு உண்டு. வருமுன் அழவேண்டாம்.

கடைசியாகத் தூது வந்தவர். வீடியோவில் மன்னிப்புக் கேட்டால் முறைப்பாடு போய்விடும் என்று அவர் சொல்வதற்கு எழுத்தில் ஒன்றும் இருக்காது. முறைப்பாட்டை அவரால் திரும்பப் பெறவும் முடியாமல் போகலாம், ஆனால் உங்கள் முகமும் குரலும் 'சமயத்தை அவமதித்தோம்' என்று ஒப்புக்கொள்கிற வீடியோ என்றைக்கும் இருக்கும். நாளைக்கு அதையே வழக்கில் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவேண்டாம்.

ஆனால் ஏழாவது போற்றிக்கு மன்னிப்புக் கேளுங்கள். யாரும் கேட்கச் சொல்லாமல், தூதுவர் இல்லாமல், உங்கள் குழுவின் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள். எந்த வரிக்காகக் கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும், மற்றப் பதினொன்றுக்கும் இல்லை என்பதும் தெளிவாக இருக்கட்டும். போடமுன் உங்கள் சட்டத்தரணிக்குக் காட்டுங்கள். அந்த மன்னிப்பு அரசியல்வாதிக்குக்கூட இல்லை, அன்று மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தவர்களுக்கு.

நாலாவதும் ஏழாவதும் போனால் பாட்டில் இரண்டு இடம் வெறுமையாகும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு செத்தவீட்டுக்குப் போய்வரும் வழியில் உங்கள் பாட்டில் வருகிற அந்த நூலகக் கல்லைப் பார்த்தேன். பெயர்ப்பலகையில் வருடம் மட்டும் தெரிகிறது, பெயர் அழிந்துவிட்டது. அதன் மேல் ஒரு ஆடு ஏறி நின்று பக்கத்து வேலிக் கிளுவையை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. கல் ஒருவருக்காவது பயன்படுகிறது. வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், சாட்சிக்கு நான் வருகிறேன்.